வாடகை ஏன் குறைவு என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரை விட்டு, மலையோ காடோ கடலோ பக்கத்தில் இருக்கும் சிறு நகரத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். பெரும்பாலான கட்டுரைகள் இரண்டு வாடகைகளை அருகருகே வைத்துக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. அங்கே இவ்வளவு, இங்கே அதில் பாதி. காற்று சுத்தம், காலையில் பறவைச் சத்தம். எல்லாம் சரி. ஆனால் ஓர் ஊர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், மீதிப் பாதியை வேறு ஏதோ ஒரு வகையில் கட்டப்போகிறோம் என்றுதான் பொருள். அது தண்ணீராக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், துணைவரின் வேலையாக இருக்கலாம். எது என்று தெரிந்து போகிறவர்கள் அங்கே நிலைத்துவிடுகிறார்கள். தெரியாமல் போகிறவர்கள் இரண்டாம் வருடமே திரும்ப லாரி பிடிக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வழிகளை எழுதலாம் என்றுதான் இக்கடிதம்.

பொருளாதாரத்தில் இது பழைய விஷயம். ஷெர்வின் ரோசன் 1979-லும் ஜெனிஃபர் ரோபேக் 1982-லும் எழுதியவற்றின் சாரம் இதுதான்: ஓர் ஊரின் வாடகையும் ஊதியமும் சேர்ந்துதான் அந்த ஊரின் நிறைகுறைகளுக்கு விலை வைக்கின்றன. வாழ இனிமையான ஊர் என்றால் மக்கள் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாவது, கொஞ்சம் குறைந்த சம்பளம் வாங்கியாவது அங்கே இருக்கச் சம்மதிப்பார்கள். அப்படியிருக்க, இயற்கையும் பக்கத்தில், வாடகையும் குறைவு என்றால், ஒன்று அங்கே சம்பளம் இன்னும் குறைவாக இருக்கும்; அல்லது வெளியாள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை இருக்கும். அதனால் சம்பளம் பெருநகரிலிருந்தும் செலவு சிறு நகரிலும் இருக்கும் வரையில்தான் கணக்கு லாபம். இரண்டும் சிறு நகரத்தினுடையவை என்றால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் முன்பு மிஞ்சிய அளவே.

ஆகவே வீடு பார்ப்பதற்கு முன் வேலைக் கடிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்று மேலாளர் வாயால் சொன்னது போதாது. எத்தனை நாள் முன்னறிவிப்பில் அலுவலகத்துக்குத் திரும்பச் சொல்லலாம், இருக்கும் ஊரை வைத்துச் சம்பளத்தைக் குறைக்கும் விதி உண்டா, வேறு மாநிலத்துக்கோ மாகாணத்துக்கோ போனால் வரிப்பிடித்தம் மாறுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இருவர் சம்பாதிக்கும் வீட்டில் இரண்டாமவரின் வேலைதான் முதலில் அடிபடும். சிறு நகரங்களில் ஒரு துறைக்கு ஒன்றிரண்டு முதலாளிகளே இருப்பார்கள். அங்கே வேலை போனால் அடுத்த கதவு அடுத்த ஊரில்தான்.

செலவுக் கணக்கை இப்படிப் போடுங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து ஒவ்வொரு செலவையும் குறையும், மாறாது, கூடும் என்று மூன்றாகப் பிரியுங்கள். வாடகையும் வீட்டு வேலைக்கான கூலியும் குறையும். காப்பீடு, கடன் தவணை, மருந்து, மின்னணுச் சாதனங்கள், தொலைபேசிக் கட்டணம் எங்கே போனாலும் அதேதான். வண்டி, எரிபொருள், கூரியர், பெருநகரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துபோகும் பயணம் ஆகியவை கூடும். கூடும் பட்டியலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஓர் உதாரணம்: மாதச் செலவு 100 பங்கு, அதில் வாடகை 35 என்று வைத்துக்கொள்வோம். புது ஊரில் வாடகை 18 ஆகிறது, 17 மிச்சம். இரண்டாவது வண்டிக்கு 7, வந்துபோகும் பயணத்துக்கு 3 கழித்தால் உண்மையான மிச்சம் 7. சாமான் ஏற்றுவது, இரட்டை முன்பணம், புதிதாக வாங்க வேண்டிய பொருட்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதச் செலவு, அதாவது 200 பங்கு ஆகிறது என்றால், போட்ட பணம் திரும்பி வரவே ஏறக்குறைய 29 மாதம் ஆகும். இரண்டு வருடம்தான் இருந்து பார்ப்போம் என்ற எண்ணத்தில் போகிறவருக்கு இது நஷ்டக் கணக்கு. பணத்துக்காகப் போகவில்லை, மனதுக்காகப் போகிறேன் என்பவர் தாராளமாகப் போகலாம். ஆனால் மிச்சப்படுத்தத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

அடுத்தது ஊரைப் பார்க்கும் பருவம். விடுமுறையில், ஊர் தன் அழகைக் காட்டும் மாதத்தில் போய்ப் பார்த்து முடிவெடுப்பதுதான் மிகச் சாதாரணமான தவறு. அந்த ஊரின் மோசமான மாதம் எது என்று கேட்டு அப்போது போங்கள். கோடையின் கடைசி இரண்டு வாரத்தில் தண்ணீர் தெரியும். அடைமழையில் சாலையும் மின்சாரமும் தெரியும். கடுங்குளிரில் புகையும் ஈரமும் தெரியும். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் வார இறுதி ஒன்றிலும் இருந்து பாருங்கள். பத்து நிமிடப் பாதை ஒன்றரை மணி நேரம் ஆகும் ஊர்கள் உண்டு, அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் நிற்கும். தங்குவது விடுதியில் வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் வாடகைக்கு எடுத்து, வேலை நாட்களில் வேலை செய்து, கடைக்குப் போய், குப்பை கொட்டி, துணி காயவைத்துப் பாருங்கள். துணி எத்தனை நாளில் காய்கிறது என்பதே அந்த வீட்டைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். சுற்றுலா ஊர்களில் இன்னொரு வழக்கம்: கூட்டமில்லாத மாதங்களில் மலிவாக விட்டுவிட்டுப் பருவம் தொடங்கும் முன் காலி செய்யச் சொல்வார்கள். ஒப்பந்தம் முழு 12 மாதத்துக்கும் ஒரே வாடகையில் இருக்க வேண்டும்.

வாங்குவதாக இருந்தாலும் முதல் ஒரு வருடம் வாடகைதான். ஒரு சுற்றுப் பருவம் முழுக்கப் பார்க்காமல் எந்தத் தெருவில் வாங்குவது என்று யாருக்கும் தெரியாது. பெருநகரில் சொந்த வீடு இருந்தால் அந்த ஒரு வருடத்துக்காவது அதை விற்காமல் வாடகைக்கு விடுவது நல்லது. அங்கே விலை ஏறிவிடலாம். விற்றவர் அதே வீட்டைத் திரும்ப வாங்குவது கடினம்.

இனி தண்ணீர். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் ஏமாற்றம் அதிகம், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போட்டுக் காட்டுவார். தண்ணீர் கொட்டும். அது கிணற்றின் ஊற்று அல்ல, குழாயில் ஏற்கெனவே தேங்கி நின்ற தண்ணீர். 6 அங்குல விட்டமுள்ள துளையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 50 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் 900 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் இறைத்தால், ஊற்றே இல்லாத கிணறுகூட அரை மணி நேரம் குறைவில்லாமல் கொடுக்கும். வீடு பார்க்க வருகிறவர் அதற்குள் கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பார். சரியான சோதனை இது: 20 லிட்டர் வாளியை வைத்து நிரம்பும் நேரத்தை நொடியில் அளக்க வேண்டும். 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். பிறகு மோட்டாரை நிறுத்தாமல் குறைந்தது 4 மணி நேரம் ஓடவிட்டு, மணிக்கு ஒருமுறை அதே வாளியால் அளக்க வேண்டும். அளவு இறங்கி எங்கே நிலைக்கிறதோ அதுதான் கிணறு தருவது. நடுவில் காற்றும் சேறும் கலந்து வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், மோட்டார் எரிந்துவிடும். இந்தச் சோதனையைக் கோடை முடிவில் செய்தால்தான் பயன். மழை முடிந்த கையோடு செய்தால் எல்லாக் கிணறும் தேறிவிடும்.

ஊற்று குறைவு என்பதற்காக வீட்டை ஒதுக்கவும் வேண்டாம். நால்வர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளைக்கு 600 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கிணறு இரண்டு மணி நேரத்தில் இதைக் கொடுத்துவிடும். வேண்டியது பெரிய மோட்டார் இல்லை. சிறிய மோட்டாரும் மூன்று நாள் தேவையைத் தாங்கும் 2,000 லிட்டர் தொட்டியும்தான். சின்ன ஊற்றில் பெரிய மோட்டாரை மாட்டுவதால்தான் மண் இழுத்துக் கிணறு கெடுகிறது. கூரை இருந்தால் மழைநீரும் கணக்கில் வரும்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை, வீணாவது போக 80 சதவீதம் என்றால் 80,000 லிட்டர். ஆனால் மழை சில மாதங்களில் மொத்தமாக வரும். தொட்டியின் அளவுதான் எல்லை, மழையின் அளவு அல்ல.

தரத்துக்கு வருவோம். மலை ஊற்று, தெளிந்த நீர் என்பதெல்லாம் கண்ணுக்குத்தான். ஆய்வகத்தில் ஈ. கோலி (மலக் கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி), நைட்ரேட், ஃபுளூரைடு, ஆர்சனிக், கடினத்தன்மை ஆகிய ஐந்தையாவது பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள்: 100 மில்லிலிட்டரில் ஈ. கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளூரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம் வரை. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில்தான் பிடிக்க வேண்டும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, புட்டியை அலசாமல், மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மறுநாள் மாலை கொடுத்தால் வரும் முடிவு எதற்கும் உதவாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவுதான் கூடும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடினத்தன்மை லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை; ஆனால் வெந்நீர்க் கொதிகலனும் சலவை இயந்திரமும் உப்பு படிந்து சீக்கிரம் போகும்.

செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீட்டராவது இருப்பது நல்லது. உங்கள் டேங்கை மட்டும் பார்த்தால் போதாது. சரிவில் உங்களுக்கு மேலே இருக்கும் பக்கத்து வீட்டு டேங்கின் கழிவு உங்கள் கிணற்றை நோக்கித்தான் இறங்கும்.

நிலம். மலையடிவாரத்தில் சமமாக, அகலமாக, கல்லும் மண்ணும் கலந்து கிடக்கும் மனை பார்க்க நன்றாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். அது ஓடை மலையை விட்டு வெளியே வரும் இடத்தில் விசிறி வடிவில் விரிந்த நிலமா என்று பாருங்கள். அப்படி என்றால் அந்தச் சமநிலத்தை உண்டாக்கியதே பழைய வெள்ளங்களும் சேற்றுப் பெருக்குகளும்தான். ஐம்பது வருடம் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வழி மாறவில்லை. சரிவில் வீடு என்றால் பார்க்க வேண்டியவை: மரங்களின் அடித்தண்டு வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கிறதா, மின்கம்பங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, மேல் விளிம்பில் பிளவுகள் உண்டா, முன்பு இல்லாத இடத்தில் நீர் கசிகிறதா, கதவுகள் சட்டத்தில் உராய்கின்றனவா. தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருந்தால் பின்னால் தண்ணீர் அழுத்துகிறது என்று அர்த்தம். சுவரில் விட்டிருக்கும் கசிவுத் துளைகள் மழை நாளில் சொட்ட வேண்டும். நல்ல மழையிலும் காய்ந்து கிடந்தால் அடைத்துக்கொண்டுவிட்டன, அல்லது பின்னால் சரளைக்கல் போடாமலே கட்டியிருக்கிறார்கள். புதிதாகப் பூச்சு பூசி வண்ணம் அடித்த தடுப்புச் சுவரைக் கண்டால் நான் இன்னும் ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

காட்டை ஒட்டிய வீட்டுக்குத் தீ வேறு கவலை. தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே சரிவின் உச்சியில், கீழே காடு தெரியும்படி கட்டிய வீடுதான் காட்சிக்கு முதலிடம், ஆபத்துக்கும் முதலிடம். பல வீடுகள் எரிவது நெருங்கி வந்த தீயால் அல்ல, பறந்து வரும் கங்குகளால். கூரை வடிகாலில் சருகும் சுவரை ஒட்டி விறகும் இருந்தால் ஒரு கங்கு போதும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. 30 மீட்டர் வரை புதரைக் கழித்து மரங்களுக்கு இடைவெளி விட வேண்டும். மனையின் எல்லையே 10 மீட்டரில் முடிந்தால் மீதி உங்கள் கையில் இல்லை. வெளியேற இரண்டாவது பாதை உண்டா என்று மட்டுமாவது பாருங்கள்.

'சுத்தமான காற்று' பற்றி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொது விதி. ஆனால் பள்ளத்தாக்கில் குளிர்கால இரவுகளில் இது தலைகீழாகும். குளிர்ந்த கனமான காற்று கீழே தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்ளும். அப்போது விறகு அடுப்பின் புகையும் வண்டிப் புகையும் வெளியேற வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். பெருநகரைவிட மோசமான காலை நேரங்களும் அங்கே வரலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த அளவு பி.எம். 2.5 என்னும் மிக நுண்ணிய தூசித் துகளுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15. குளிர் மாதத்தில் விடியற்காலை மேட்டில் ஏறி நின்று பாருங்கள்: ஊருக்கு மேல் புகை தட்டையாகப் படிந்து நின்றால் ஆஸ்துமா உள்ளவர் பள்ளத்தில் வீடு பார்க்கக் கூடாது. அதே ஊரில் சரிவில் கொஞ்சம் மேலே இருக்கும் தெரு நன்றாக இருக்கும்.

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வீடு பார்க்கும்போதே கையில் கொண்டு போங்கள். உள்ளே 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த சுவரில் நீர் கோத்துப் பின்பலகை உப்பிவிடும். உயரமான ஊர் என்றால் இன்னும் சில உண்டு. 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும், பருப்பு வேகப் பிரஷர் குக்கர் வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உயரத்துக்கு வீடு மாற்றக் கூடாது. ஜெனரேட்டரின் திறன் 300 மீட்டருக்கு 3 சதவீதம் வீதம் குறையும்; வாங்கும்போது ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பாருங்கள்.

மருத்துவத்தைத் தூரத்தால் அளக்காதீர்கள், நிமிடத்தால் அளந்து பாருங்கள். அதுவும் மழை பெய்யும் இரவு இரண்டு மணிக்கு. மாரடைப்பில் 120 நிமிடத்துக்குள் பலூன் சிகிச்சைக்குக் கொண்டுபோக முடியாது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும் என்பது சிகிச்சை நெறி. பக்கவாதத்தில் அந்த ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரமே அவகாசம். அதற்கும் முன்னால் மூளையில் கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேன் பார்த்தாக வேண்டும். ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டால் எல்லா ஊரிலும் இருக்கிறது என்பார்கள். கேட்க வேண்டியது: சி.டி. ஸ்கேன் இரவிலும் ஓடுமா, படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டா, கட்டி கரைக்கும் ஊசி கையிருப்பில் உண்டா, ரத்த வங்கி எங்கே, இரவில் சிசேரியன் செய்ய மயக்க மருந்து நிபுணர் உண்டா. அவசரப் பிரிவுக்கே போன் செய்து கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்துதான் போக வேண்டும் என்பதால் பாதையை இருமுறை கணக்கிடுங்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படும் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த மையத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் உள்ள எந்த ஊரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையத்தைப் பற்றி வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எல்லோரும் விசாரிக்கிறார்கள், ஆனால் பதிவிறக்க வேகத்தை மட்டும். காணொளிக் கூட்டத்தைக் கெடுப்பது பதிவேற்றம்தான். ஏற்றமும் இறக்கமும் நொடிக்கு 4 மெகாபிட் நிலையாக வந்தால் ஓர் ஆளுக்குப் போதும். இரவு எட்டு மணிக்கு, எல்லா வீட்டிலும் திரை ஓடும் நேரத்தில் சோதியுங்கள். இரண்டு நிறுவன இணைப்பு வைத்திருக்கிறேன் என்பவரும் ஒரு சாலை வெட்டில் இரண்டையும் இழக்கலாம், ஏனென்றால் இரண்டு கம்பியும் ஒரே பள்ளத்தில் போகும். ஒன்று கம்பி வழி, இன்னொன்று கைபேசி கோபுரம் வழி என்று வைத்தால்தான் அது உண்மையான மாற்று. கோபுரத்தின் மின்கலமும் சில மணி நேரத்தில் தீரும். செயற்கைக்கோள் இணைப்பில் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்திருப்பது வழியாக வந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் அரை நொடிக்கு மேல் தாமதம், பேச்சுக்கு உதவாது. தாழ்வட்டப் பாதையில் சுற்றுவது சமாளிக்கும், ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். உயர்ந்த மரங்கள் சூழ்ந்த வீட்டில் அது கிடைக்காது.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று விளம்பரத்தில் போடுவார்கள். மடிக்கணினி 60 வாட், ரூட்டர் 12, இரண்டு மின்விசிறி 100, விளக்குகள் 28; மொத்தம் 200 வாட். ஆறு மணி நேரத்துக்கு 1,200 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்கில் 1,800 இருக்கும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போகும், ஆக 900. இன்வெர்ட்டரில் 15 சதவீதம் இழந்தால் 765. நான்கு மணி நேரம்கூட வராது. ஊரில் கேட்க வேண்டியதும் சராசரி மின்வெட்டு அல்ல. கடந்த மழைக்காலத்தில் தொடர்ச்சியாக மின்சாரம் இல்லாமல் இருந்த அதிகபட்ச நேரம்.

சாமான் ஏற்றுவதில் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் பிரச்சினை. பாலத்தின் எடை வரம்பு, கொண்டை ஊசி வளைவு, தாழ்வான மின்கம்பி மூன்றையும் படம் எடுத்து லாரிக்காரருக்கு முன்பே அனுப்புங்கள். இல்லையென்றால் நடுவழியில் சிறு வண்டிக்கு மாற்றச் சொல்வார், பேரம் பேச முடியாத நேரத்தில். ஒட்டுப்பலகைச் சாமானை ஈரமான ஊருக்குக் கொண்டுபோகாமல் விற்றுவிடுவது மேல். பத்திரங்களும் மருந்தும் உங்களோடு வரட்டும்.

சட்ட விவகாரம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் இரண்டே விஷயம். பொதுச் சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை பத்திரத்தில் எழுதப்பட்ட உரிமையா, பக்கத்து நிலக்காரரின் பெருந்தன்மையா என்று பாருங்கள். பெருந்தன்மை நிலம் கைமாறும் வரைதான். இரண்டாவது, விவசாய நிலத்திலோ காட்டெல்லைப் பகுதியிலோ கட்டிய வீட்டுக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா என்பதை விற்பவரிடம் அல்ல, உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

இயற்கை பக்கத்தில் இருப்பதால் மட்டும் உடம்பு தேறாது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்களே நலமாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. அதற்குக் குறைவாகக் கழித்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எது, விளைவு எது என்று அந்த ஆய்வே அறுதியிட்டுச் சொல்லவில்லை. என்றாலும் ஒன்று நடைமுறையில் கண்கூடு: நடைபாதையில்லாத, வேகமான சாலையோரத்தில் வீடு எடுத்தவர் காட்டை வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். வாசலிலிருந்து வண்டி எடுக்காமல், பயமில்லாமல் அரை மணி நேரம் நடக்கப் பாதை இருக்கிறதா என்பதை வாடகைக்குச் சமமான கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். பெருநகரப் பூங்காவின் எதிரில் குடியிருப்பவருக்கு ஒருவேளை மாறவே தேவையில்லாமல் போகலாம்.

உள்ளூர்க்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. வெளியூர்ச் சம்பளத்தோடு வருகிறவர்கள் கேட்டதைக் கொடுத்து வீடு எடுப்பதால், அங்கேயே சம்பாதித்து அங்கேயே வாழும் குடும்பங்களுக்கு வாடகை ஏறிவிடுகிறது. ஆசிரியரையும் செவிலியரையும் மின்பணியாளரையும் ஊரை விட்டுத் துரத்தும் வாடகை கடைசியில் வந்து குடியேறியவரையும் தாக்கும். குழாய் உடைந்தால் வர ஆள் இருக்காது. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் இரண்டாம் வீட்டை வாங்குவது இதில் மிக மோசமானது. சந்தை வாடகையை விசாரித்து அதையே கொடுங்கள், வேண்டாத வீட்டை நீண்ட கால வாடகைக்கு விடுங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். குடிபெயர ஏற்ற ஊர்கள் என்று அடுத்த முறை பட்டியல் போடும்போது வாடகையோடு நான்கு எண்களையும் அச்சிடுங்கள்: கோடையில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இரவில் சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம், சென்ற ஆண்டின் மிக நீண்ட மின்வெட்டு, மழையால் சாலை மூடிய நாட்கள். முதல் எண்ணை நகராட்சியும் மூன்றாவதை மின்வாரியமும் கொடுக்க முடியும். வாடகை எந்த மாதத்தில் விசாரித்தது என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்